தந்தியில் வந்த மிஸ்ஸி

என் கொழுந்தனார் ஆகாயத்தில் சண்டை போட்டவர். இப்போது ஓடைப்பட்டித் தோட்டத்தில் கிளிகளோடு சண்டை போடுகிறார். அன்றைக்கு எதிரி யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு இவர் யார் என்று கிளிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்பதைத் தொடப்போகிற மனிதர் விடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு திராட்சைப் பந்தலுக்குள் போய் நின்றுகொள்வார். வேலைக்கு வரும் நான்கு பெண்களையும் அணி பிரித்து வைத்திருக்கிறார். "நீ கிழக்கு, நீ மேற்கு. நான் கையைத் தூக்குனதும் நாலு பேரும் ஒரே நேரத்துல டப்பாவைத் தட்டணும். முந்தக் கூடாது, பிந்தக் கூடாது." அவர்கள் தட்டுவார்கள். கிளிகள் எழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். இவர் காப்பி குடிக்க உள்ளே வந்ததும் திரும்பிவிடும்.

"பின்வாங்கிருச்சுக மதினி" என்பார் என்னிடம்.

"ஆமா கொழுந்தனாரே, அதுகளும் காப்பி குடிக்கப் போயிருக்கும்" என்பேன்.

ஊரில் எல்லாரும் பந்தலுக்கு மேல் நைலான் வலையில் நெட்டுப் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் போட மாட்டார். நெட்டுக்கு உள்ளே பதுங்குவது கோழைகள் செய்கிற வேலையாம். அவர் பெண்டாட்டி நான்கு வருடமாகக் கேட்டுப் பார்க்கிறாள். கேட்கிற நேரத்தில் காதில் மாட்டியிருக்கும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சிக்னல் இல்ல" என்கிறார்.

அந்தப் பெண்டாட்டி வேறு யாரும் இல்லை, என் தங்கச்சி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு அக்கா தங்கச்சி இரண்டு பேரும் வாழ்க்கைப்பட்டோம். அண்ணனுக்கு நான், தம்பிக்கு அவள். அவள் கல்யாணம் நடக்காமல் போக இருந்தது. போயிருந்தால் அவள் இந்நேரம் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். அதற்கெல்லாம் காரணம் ஒரு மிஸ்ஸி. நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "கதையை உன் தமிழில் எழுதிக்கோ, ஆட்கள் பேசினதை மட்டும் மாத்தாதே" என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது எதற்கு அந்த மிஸ்ஸி ஞாபகம் என்றால், போன குடியரசு தினத்தன்று தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொழுந்தனாரைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். நானும் தங்கச்சியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கொடியேற்றினவர் சும்மா இறங்கியிருக்கலாம். மைக்கைப் பிடித்தார்.

"சண்டையில என்னையக் காணோம்னு எங்க வீட்டுக்குத் தந்தி போச்சு. பதினேழு நாள்! அந்தப் பதினேழு நாளும் எங்க வீட்டுல ஒருத்தர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அதுதான் வீரக் குடும்பம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். தங்கச்சி என் தொடையைக் கிள்ளினாள். "சிரிச்சே, கொன்னுருவேன்க்கா" என்றாள். அவளுடைய தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர் சொன்னது பொய் இல்லை. யாரும் அழவில்லை. அழாமல் என்ன செய்தோம் என்பது வேறு கதை.

முதலில் நிச்சயதார்த்தத்தில் இருந்து வருகிறேன். எங்கள் அய்யாவுக்கு ஓடைப்பட்டியில் நிலக்கடலைக் காடு. என்னைக் குச்சனூர் பக்கம் நெல் விளைகிற வீட்டில் கொடுத்திருந்தார். என் மாமியார்தான் தன் இளைய மகனுக்கு என் தங்கச்சியைக் கேட்டது. அய்யா கேட்டார், "மாப்பிள்ளைக்கு வடக்கே என்ன வேலை?"

"ஃபைட்டராம்" என்றது மாமியார்.

அய்யாவின் முகம் சுருங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்த ஃபைட்டர் எல்லாம் சினிமாவில் கதாநாயகனிடம் அடி வாங்கி வைக்கோல் படப்பில் விழுகிற ஆட்கள்தான். "அடிக்கிற ஆளா, அடி வாங்குற ஆளா?" என்று விசாரித்தார். விமானத்தில் உட்கார்ந்து சண்டை போடுகிற வேலை என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். "உக்காந்துக்கிட்டேவா?" என்றார் அய்யா. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றதும் அரசாங்க உத்தியோகம் என்று புரிந்து, வெற்றிலை மாற்றிக்கொண்டார்.

மாப்பிள்ளை அடங்கி இருக்கிற ரகம் இல்லை. நிச்சயம் முடிந்து இரண்டு மாதத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ வேலையாக விமானத்தில் வந்தவர், கட்டப்போகிறவளுக்கு ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போகலாம் என்று யாரிடமும் கேட்காமல் நம் பள்ளத்தாக்குக்குள் தாழ இறங்கிவிட்டார். அவளுக்குக் காட்ட நினைத்தால் ஓடைப்பட்டிக்கு மேல் அல்லவா பறந்திருக்க வேண்டும்? மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். குச்சனூருக்கு மேல் போய்விட்டார். வாய்க்காலில் நின்ற எருமைகள் கரையேறி ஓடின. இரண்டு தென்னையில் இருந்து இளநீர் விழுந்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தோம். என் மாமியார் மட்டும் குனியவில்லை. தொழுவத்தில் இருந்து ஓடி வந்து, வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தியது.

"ஏலே! சாப்பிட்டுப் போலே!"

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். அதற்கு அவருக்கு அங்கே என்ன தண்டனை கிடைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் விமானத்தைத் தொடவிடவில்லையாம். இங்கே கிடைத்த தண்டனை வேறு. குச்சனூரில் சனீஸ்வரர் கோயில் இருக்கிறது. காக்கை அவருடைய வாகனம். அன்றைக்குக் கிளம்பின காக்கைகள் மூன்று நாள் திரும்பவில்லை. சோறு வைத்தவர்கள் வைத்தபடி நின்றார்கள். ஊர் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "ஒம் மகன் சனி பகவானோட வண்டியவே வெரட்டிட்டானே ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியார் அன்றைக்கே எள் தீபம் போட்டது. ஆனாலும் அதற்கு உள்ளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது.

பிறகு எழுபத்தொன்றில் சண்டை வந்தது. ரேடியோ இருந்த வீட்டில் ஊரே உட்கார்ந்து கேட்டது. ஒரு நாள் மத்தியானம் தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் தந்திக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது என்று வருகிற தந்தி என்றால் அரைக் கல் தூரத்தில் இருந்தே மணியடித்துக்கொண்டு வருவார். கையில் ஏதாவது வாங்காமல் நகர மாட்டார். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. தந்தியைக் கொடுத்தார். "மோர் தாரேன், இருங்கண்ணே" என்றேன். "வேணாந்தா" என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார். மோரை வேண்டாம் என்று சொன்ன தந்திக்காரரை அதுவரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். இங்கிலீஷ் தந்தியைப் படிக்க வேண்டுமே? என் மாமனாருக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். மலை மேல் தேயிலை எஸ்டேட்டில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று எனக்குப் பின்னாளில் தெரிந்தது. ஆனால் எங்கள் தெருவில் இங்கிலீஷுக்கு அவர்தான். எஸ்டேட் மாமா என்போம். கண்ணாடியை மாட்டினார். தந்தியைத் தூரமாகப் பிடித்தார், கிட்டமாகப் பிடித்தார்.

"ஆர், ஈ, ஜி… ரிஜிஸ்தர்" என்றார்.

"ரிஜிஸ்தரா?" என்றது மாமியார்.

"இரு, இரு. யுவர் சன். ஒம் மகன்தான். எம், ஐ, எஸ், எஸ், ஐ…" அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். முகம் கருத்தது. "மிஸ்ஸி."

"அப்படின்னா?"

"எஸ்டேட்ல தொரை மகளை நாங்க மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரப் புள்ள. ஒம் மகன் ஒரு மிஸ்ஸியை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிட்டான்."

மாமா அதோடு விடவில்லை. "கடைசியில லெட்டர்னு போட்டிருக்கு. கல்யாண லெட்டர் பின்னால வருதாம்."

அழுகையா வரும்? மாமியார் எழுந்து நின்று அந்த மிஸ்ஸியின் ஏழு தலைமுறையையும் இழுத்தது. "அப்பவே நெனச்சேன்! காக்காய வெரட்டுனான்ல, சனி மிஸ்ஸி ரூவத்துல வந்து புடிச்சுக்கிருச்சு!" என் வீட்டுக்காரர் தம்பியின் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்துப் போனார்கள். செத்த வீட்டுக்குக்கூட அவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள். ஒருத்தர் செத்தால் ஒரு நாள் பேச்சு. ஒருத்தன் ஓடிப்போனால் ஒரு மாதத்துக்குக் காணும்.

மறுநாளே ஓடைப்பட்டிக்குத் தகவல் போய், எங்கள் அய்யா வந்து இறங்கினார். "பொண்ணோட பேரைக் கெடுத்துட்டீகளே சம்மந்தி" என்று ஒரு வரி சொன்னார். அடுத்த வரியிலேயே, "போடியில ஒரு ஏலக்கா யாவாரி கேட்டுக்கிட்டே இருக்காக. வார வெள்ளி வெத்தலை மாத்திரலாம்னு இருக்கேன்" என்றார். எவ்வளவு வேகம் பாருங்கள். அவர் மனதில் அந்த ஏலக்காய் மணம் முன்பே அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

எல்லாரும் மிஸ்ஸியைப் பார்த்தார்கள். நான் அந்த மோர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத் தந்தி என்றால் அந்த மனிதர் ஏன் மோர் குடிக்கவில்லை?

யாரிடம் கேட்பது? நல்ல வேளையாக மாமியாரே வழி செய்து கொடுத்தது. "ஏத்தா, நம்ம வெளக்கமாறு தேஞ்சு போச்சு. அவன் வாரப்பப் புதுசுல வாங்கணும். தேனியில நல்ல சீவுன ஈர்க்கு விக்கிறாக, ஒண்ணு வாங்கியா" என்றது. தந்தியை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேனி பஜாரில் எங்களுக்குப் பழக்கமான ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கடைக்காரர் மனைவி முன்பு டீச்சராக இருந்தவர்கள். கல்லாவுக்குப் பின்னால் கூட்டிப் போய்த் தந்தியைக் கொடுத்தேன். படித்ததும் அந்த அம்மா முகம் தந்திக்காரர் முகம் போல ஆகிவிட்டது. எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி யாரு படிச்சாக?" என்றார்கள்.

சொன்னேன். ரிஜிஸ்தர், மிஸ்ஸி, கல்யாண லெட்டர் எல்லாம் சொன்னேன். அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் கண்ணும் நிறைந்தது.

"இது ரிஜிஸ்தர் இல்லம்மா, ரிக்ரெட். வருத்தப்படுறோம்னு அர்த்தம். மிஸ்ஸிங்னா… காணோம்மா. ஒங்க கொழுந்தனைச் சண்டையில காணோம். வெவரம் லெட்டர்ல வரும்னு போட்டிருக்கு."

"காணோம்னா செத்துப்போனாகளா?"

"அப்படிப் போடல. தேடுறாக போல."

என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள். நான் விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சின்னமனூரில் இறங்கி ஓடைப்பட்டி பஸ்ஸுக்கு மாறினேன். முதலில் சொல்ல வேண்டியது மாமியாரிடம் இல்லை, தங்கச்சியிடம் என்று தோன்றியது.

அவள் கொல்லையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைப் பார்த்ததும், "யாரை அடிக்கக் கெளம்பிட்டே?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு படிக் கடலையை உடைத்து முடித்தாள். தோல் எது, பருப்பு எது என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே முறத்தில் போட்டாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

"ஒனக்கும் எனக்கும்தான். போய் எல்லாருட்டயும் சொல்லணும்."

"சொல்லாதேக்கா."

"என்னடி சொல்றே?"

"மிஸ்ஸியாவே இருக்கட்டும். ஓடிப்போனவக திரும்பி வருவாக. காணாமப் போனாகன்னு வச்சா நான் எங்க போய்த் தேடுறது?" முறத்தைத் தள்ளி வைத்தாள். "அத்தை இப்ப சோறு திங்குதா?"

"திங்குது. திட்டுறதுக்குத் தெம்பு வேணும்ல."

"அப்ப கோவத்துலயே இருக்கட்டும். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துரும். அப்பறம் ஊரு என்ன சொல்லும் தெரியும்ல? நிச்சயம் பண்ணுன வருசமே மாப்பிள்ளையை முழுங்கிட்டாள்னு சொல்லும். மிஸ்ஸின்னா அவக பேருதான் கெடும். அவக வந்து கழுவிக்கிறட்டும்."

"வெள்ளிக்கெழமை போடிக்காரக வாராகளே?"

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள். என் தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. விமானப் படையில் லீடர் என்று யாரையோ சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் ஓடைப்பட்டிக்குப் போனேன். போடிக்காரர்கள் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அய்யா சிரித்த முகமாக இருந்தார். தங்கச்சி நடுவீட்டுக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னாள்.

"அந்த மிஸ்ஸி மூஞ்சியைப் பாத்து நாலு வார்த்தை கேக்காம நான் எந்த மாலைக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன். குச்சனூரு சனீஸ்வரர் மேல சத்தியம்."

சனீஸ்வரர் மேல் சத்தியம் செய்தால் எங்கள் பக்கம் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். போடிக்காரர்கள் தாம்பாளத்தை மூடினார்கள். ஆனால் அய்யா விடவில்லை. "அந்தக் கழுதை எப்ப வாரது? தை பொறக்குறவரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல ஒரு நாளு தங்காது" என்றார். தைக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலை கூடச் சேர்ந்தது. மாமியாரோடு சேர்ந்து நானும் காலையில் இருந்து இல்லாத ஒருத்தியைத் திட்ட வேண்டும். "அவ தலைமுடி செம்பட்டையா இருக்கும்ல?" என்று மாமியார் கேட்கும். "ஆமாத்தே, தேங்கா நாரு கணக்கா இருக்கும்" என்பேன். எஸ்டேட் மாமா தினமும் வந்து புதிய தகவல் கொடுப்பார். மிஸ்ஸிகளுக்குக் கையால் சாப்பிடத் தெரியாது, மிஸ்ஸிகள் நாயைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். மாமியார் கொதிக்கும். கொதித்து இரண்டு உருண்டை அதிகம் சாப்பிடும். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். புகை என்று ஒன்று இருந்தது, கண்ணுக்குக் காரணம் சொல்ல.

சனிக்கிழமை சனிக்கிழமை குச்சனூரில் தங்கச்சியும் நானும் சந்தித்தோம். எள் தீபம் போட்டோம். காக்கைகள் எப்போதோ திரும்பி வந்திருந்தன. அவள் சோற்றை வைத்துவிட்டு ஒரு காக்கையைப் பார்த்து, "அவக வெரட்டுனது தப்புதான். ஒங்களுக்கு எறக்கை இருக்குல்ல, கொஞ்சம் பாத்துட்டு வரப்படாதா?" என்றாள். அந்தக் காக்கை சோற்றைக் கவ்விக்கொண்டு கிழக்கே போனது. கொழுந்தனார் சண்டைக்குப் போனது மேற்கே. நான் அவளிடம் சொல்லவில்லை.

தந்தி வந்து பதினேழாவது நாள். பிற்பகல் பஸ்ஸை யாரோ பார்த்துவிட்டு ஓடி வந்து, "ஒங்க சின்னவரு வாராரு!" என்று கத்தினார்கள். மாமியார் புது விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பியது. பின்னால் தெரு கிளம்பியது.

பஸ்ஸில் இருந்து முதலில் ஒரு கட்டை இறங்கியது. கக்கத்தில் வைத்து நடக்கிற கட்டை. அப்புறம் மாவுக்கட்டுப் போட்ட கால். அப்புறம் கொழுந்தனார், பாதி ஆளாக இளைத்து. பின்னால் மீசை நறுக்கின சிவந்த பையன் ஒருவன் இரண்டு பெட்டியோடு இறங்கினான். ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், இறங்கினவர் எங்கே இருந்து இறங்குகிறார் என்று.

அவர் மாலையை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கலே அவ?" என்றது மாமியார்.

"எவ?"

"மிஸ்ஸி!"

"ஆமாம்மா, மிஸ்ஸிங்தான். அதான் வந்தாச்சுல்ல" என்று சிரித்தார்.

"வந்துட்டாளா! பஸ்ஸுக்குள்ளயா ஒளிஞ்சுக்கிட்டு இருக்கா?" மாமியார் படியில் ஏறி எட்டிப் பார்த்தது. கண்டக்டரும் சீட்டுக்கு அடியில் பார்த்தார். "எறங்குடி கீழே!" என்றது மாமியார். உள்ளே இருந்த உத்தமபாளையத்துக் கிழவி ஒருத்தி பயந்து இறங்கிவிட்டாள்.

கொழுந்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சை மாற்ற நினைத்துக் கூட வந்த பையனை முன்னால் இழுத்தார். "அம்மா, இவன்தான் என்னோட நம்பர் டூ."

எஸ்டேட் மாமா திடுக்கிட்டுப் பெட்டிகளைப் பார்த்தார். போடிப் பக்கம் ரெண்டாம் நம்பர் என்றால் பில் போடாமல் இறக்குகிற ஏலக்காய். "ரெண்டாம் நம்பரா? செக்போஸ்ட்ல எப்படிலே விட்டாக?" என்றார் மெதுவாக.

அந்தப் பையன் மலையாளத்துக்காரன். கம்பம் பக்கம் மலையாளம் கொஞ்சம் ஓடும் என்பதால் தைரியமாக வாயைத் திறந்தான். "அம்மே, மிஸ்ஸி ஒண்ணும் இல்லா. காணாமப் போயது இயாள்தன்னெ. மரிச்சுப் போயின்னு ஞங்ஙள் எல்லாரும் கரஞ்ஞு."

காணாமல் போனது இவரேதான், செத்துவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் அழுதோம் என்கிறான். மரித்த என்ற சொல் எந்தப் பாஷையிலும் விளங்கிவிடும். மாமியார் மகனைப் பார்த்தது. கட்டையைப் பார்த்தது. காலைப் பார்த்தது. விளக்குமாற்றை ஓங்கி அவர் முதுகில் ஒரு போடு போட்டது. வாங்கின பொருள் வீணாகக் கூடாது பாருங்கள். போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து, பதினேழு நாள் அழுகையையும் ஒரே மூச்சில் அழுதது. பஸ் அப்படியே நின்றது. கண்டக்டர் விசில் ஊதவில்லை. எஸ்டேட் மாமாவைத் தேடினோம். அவருக்குத் தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறதாம், போய்விட்டார்.

நடந்ததை அந்தப் பையன்தான் சொன்னான். நான்கு விமானம் போனதாம். இவர் லீடர், பையன் இவர் பக்கத்திலேயே துணையாகப் பறக்கிற நம்பர் டூ. பையனுடைய விமானத்தில் அடிபட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கியதாம். அவனை விட்டுவிட்டு மற்ற மூன்று பேரும் திரும்புங்கள் என்று மேலே இருந்து உத்தரவு. நம் ஆள் இரண்டு பேரை அனுப்பிவிட்டு, "கேக்கல, கேக்கல, ரேடியோ ரிப்பேர்" என்று சொல்லி, பையன் எல்லை தாண்டுகிற வரைக்கும் அவன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குள் இவர் விமானத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. குதித்துவிட்டார். ரேடியோ ரிப்பேர் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாட்டுக்குப் புல் அறுக்கச் சொன்னாலும் சின்ன வயதில் அவருக்குக் காது கேட்காதாம்.

குதித்தவர் விழுந்தது எல்லைக்கு நம் பக்கம் இருக்கிற மணல்காட்டில்தான். ஆடு மேய்க்கிறவர்கள் தூக்கிப் போய் ஒட்டகப் பால் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இவர் காய்ச்சலில் தமிழில் உளறியிருக்கிறார். அது எந்த தேசத்துப் பாஷை என்று தெரியாமல், எதிரி என்று நினைத்துக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நாட்டுக்காகச் சண்டை போட்டவரை நாட்டுக்காரர்களே கட்டி வைத்த கதையை மட்டும் அவர் எந்த மேடையிலும் சொல்வதில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் அய்யா தங்கச்சியோடு வந்துவிட்டார். "எனக்கு அப்பவே தெரியும், மாப்பிள்ளை அப்படிப்பட்டவக இல்லன்னு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போடித் தாம்பாளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊர் வழி விட்டது. சத்தியம் செய்தவள் அல்லவா?

"எங்க அந்த மிஸ்ஸி?" என்றாள்.

கொழுந்தனாருக்கு அதற்குள் விஷயம் விளங்கியிருந்தது. கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டே, "நாந்தான்" என்றார்.

அவள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். பிறகு நாலு வார்த்தை கேட்டாள். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலுதான். "போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க."

செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். தை பிறந்து கல்யாணம் நடந்தது. விவரம் பின்னால் வரும் என்று தந்தியில் சொன்ன லெட்டர், கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தது. அவரைக் காணவில்லை என்பதை அவரே படித்துக் காட்டினார்.

பிறகும் அவர் அப்படியேதான் இருந்தார். ரேடியோ ரிப்பேருக்காக ஒரு கவரில் பாராட்டும் இன்னொரு கவரில் மெமோவும் ஒரே நாளில் கொடுத்தார்களாம். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். இவர் இருந்த இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றுத் திராட்சை போட்டார். அவர்களில் பாதிப் பேர் வருடா வருடம் ஓடைப்பட்டிக்கு வந்து, கிளி மிச்சம் வைத்த திராட்சையைத் தின்றுவிட்டு, இவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். அந்த நம்பர் டூவுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அவன்தான் முதலில் வருவான். என்னைச் சேச்சி என்பான். வந்ததும், "வெளக்கமாறு எவிடே?" என்று கேட்பான். மெமோ கொடுத்தவர்களைப் பார்க்க யாராவது போகிறார்களா என்று எனக்குத் தெரியாது.

யார் உத்தரவையும் கேட்காதவர், தங்கச்சியின் நாலு வார்த்தையை மட்டும் ஒரு நாளும் மீறியதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஆனால் மிஸ்ஸியை நம்பி அவள் பொறாமையில் வெந்தாள் என்று சொல்லி, இத்தனை வருடமும் அவளைக் கேலி செய்தார். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். நானும் வாயைத் திறந்ததில்லை.

குடியரசு தினத்தன்று திரும்பி வருகிற காரில் திறந்துவிட்டேன். அவர் முன் சீட்டில் இருந்து திரும்பி, "பாத்தீகளா மதினி, எப்படிக் கை தட்டுனாக! வீரக் குடும்பம்னு சொல்லவும் அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாகள்ல" என்றார்.

"கொழுந்தனாரே, வீட்டுல அழாதவக எல்லாரும் வீரம் இல்ல, வெவரம் தெரியாதவக. வெவரம் தெரிஞ்சு அழாம இருந்தவ ஒருத்திதான். ஒங்க பின்னாடி ஒக்காந்திருக்கா."

தங்கச்சி என்னைக் கிள்ளினாள். இந்த முறை வலித்தது. ஆனாலும் முழுவதையும் சொன்னேன். மோர், ஜவுளிக்கடை, கடலை, சத்தியம் எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது கார் வீரபாண்டியைத் தாண்டியிருந்தது. அவர் தங்கச்சியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா செருப்பை எடுத்துக்கிட்டு வந்தே?"

"ஊருக்கு முன்னாடி சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணாமா?"

"தனியாக்கூட அழலையா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். "அழுதா தந்தி நெசமாயிரும்னு இருந்துச்சு. அழல."

அவர் காதில் இருந்த மிஷினைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சிக்னல் இல்ல" என்று முன்னால் திரும்பிக்கொண்டார். ஓடைப்பட்டி வருகிற வரைக்கும் திரும்பவில்லை. கர்ச்சீப் மட்டும் ஒரு தடவை மேலே போய் வந்தது.

வீடு வந்ததும் இறங்கி நேராகப் பந்தலைப் பார்த்து நடந்தார். கிளிகள் பெரிய கூட்டமாக உட்கார்ந்திருந்தன. கேட்டில் நின்று, எங்களைப் பார்க்காமலே, "போய்ட்டு வாரேன்" என்றார். நான்கு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"அந்த நெட்டு எம்புட்டு நீளம் வேணும்னு சொன்னே?"

தங்கச்சி நீளத்தைச் சொன்னாள். மிஷின் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு நன்றாகக் கேட்டது.